அம்மாவைக் கழித்தது போக

கொடுமுடிப் படித்துறையில் காலை ஐந்தரை மணிக்கு இரண்டு பெண்கள் படகுக்காகக் காத்திருந்தார்கள். வர வேண்டியவர் ஒருவர்தான்.

மனுக் கொடுத்தவரைத் தவிர வேறு யாரும் வாசிப்புப் படகில் ஏறக்கூடாது என்பது விதி. மனுக் கொடுத்தவள் யுவஸ்ரீ. முப்பத்தொரு வயது. தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவளைப்போல ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்களை வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் தூக்குப்போசியும் ஒயர்கூடையுமாக நின்றவள் அவளுடைய மாமியார் கோகிலவாணி.

“நானும் வர்றனுங்க கண்ணு. ஒரு ஓரமா உக்காந்துக்கறன். பேச்சுக்கூடப் பேசமாட்டன்,” என்றாள் கோகிலவாணி.

நிறைமதி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். இந்தப் படகில் அவள் வாசிப்பாளராகச் சேர்ந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. ‘ஒருவர்தான் வரலாம்’ என்ற சின்ன வாக்கியத்தை ஒருமுறைகூட அவள் முழுதாகச் சொன்னதில்லை. முகத்தைப் பார்த்து மறுப்பது அவளுக்கு வராது. கல்லூரியில் ஆய்வகத்தை அவள் விரும்பியதற்கு, அங்கே யாரும் முகத்துக்கு நேரே எதையும் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

படகோட்டி மாதேஸ் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. “ஏறுங்கம்மா. எங்க மேடம் வேண்டாம்னு சொல்றதுக்குள்ள மாயனூரே வந்துரும்,” என்று கோகிலவாணிக்குக் கை கொடுத்தான்.

இருவருடைய கன்னத்தின் உட்புறத்தையும் நிறைமதி பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து இயந்திரத்துக்குள் வைத்தாள். மாதேஸ் படகை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் மோட்டாரை நிறுத்தினான். அதன் பிறகு மாலை வரை மோட்டார் கிடையாது. படகு தண்ணீரின் வேகத்திலேயே போக வேண்டும். அவன் துடுப்பை வைத்துக்கொண்டு படகு கரை ஒதுங்காமல் பார்த்துக்கொள்வான், அவ்வளவுதான்.

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, யுவஸ்ரீயின் கணவன் தரணீஷ் சாயப்பட்டறை மோட்டாருக்கு பெல்ட் வாங்கப் போனான். மாலையில் அவனுடைய வண்டி மட்டும் கொடுமுடிப் பாலத்தின் மேல் நின்றிருந்தது. ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்து, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். சாகப் போகிறவன் சாவியை எடுத்துக்கொண்டு போவானா என்று அம்மா கேட்டாள். வேறு ஊருக்குப் போகிறவன் வண்டியை விட்டுவிட்டுப் போவானா என்று மனைவி கேட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஏழு வருடங்களாக இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக் குடித்தனம் நடத்தினார்கள்.

ஏழு வருடம் தகவலே இல்லாதவரை இறந்தவராக அறிவிக்கும் முன் ஆற்றைக் கேட்க வேண்டும் என்பது புதிய சட்டம். கடைசியாக அவர் இருந்ததாகத் தெரிந்த இடத்திலிருந்து, தண்ணீர் ஒரு பகலில் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம். கரையோரத்தில் வாழ்கிற யாரும் ஆற்றுக்குத் தப்ப முடியாது. குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள், துப்புகிறார்கள். வீட்டுச் சாக்கடை வாய்க்காலில் விழுகிறது, வாய்க்கால் ஆற்றில் விழுகிறது. ஒவ்வோர் உடம்பும் தினமும் தன்னைக் கொஞ்சம் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் போகிறது. தையல் மெஷின் அளவில் படகின் நடுவே இருந்த இயந்திரம் கால் மணிக்கு ஒருமுறை ஒரு மடக்குத் தண்ணீரை உறிஞ்சி, மனுவோடு கொடுத்திருந்த அவனுடைய பழைய சீப்பு முடியோடு ஒப்பிட்டு, அதில் தரணீஷ் இருக்கிறானா என்று பார்த்தது.

பேசமாட்டேன் என்று சொன்ன கோகிலவாணி அரை மணி நேரம் தாக்குப்பிடித்தாள். பிறகு கேட்டாள்.

“செத்தவங்க தடயமும் தண்ணியில இருக்குமில்லீங்க? உசுரோட இருக்கறது எதுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?”

“செத்தவங்களோடது நாள்கணக்குல இருக்கும்மா. உயிரோட இருக்கற அணு, அதாவது செல், விடற தடயம் வேற. அது ரெண்டு மணி நேரத்துல கரைஞ்சு போயிடும். அது கெடைச்சா, அந்த ஆள் ரெண்டு மணி நேரத்துக்குள்ள தண்ணியத் தொட்டிருக்காருன்னு அர்த்தம்.”

“நாங்களும் இதே தண்ணியத்தான தொடறோம்? எங்களுதும் கலந்துராதா?”

“அதுக்குத்தான் பஞ்சுல எடுத்தேன். உங்க ரெண்டு பேரையும் மெஷின் கழிச்சிடும். கழிச்சது போக மீதி இருக்கறதுலதான் அவரைத் தேடும்.”

கோகிலவாணிக்கு அது திருப்தியாக இருந்தது. கையை ஆற்றில் விட்டு அளைந்துகொண்டே வந்தாள். யுவஸ்ரீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு இல்லை. ஆறேகாலுக்கு இல்லை. ஒவ்வொரு ‘இல்லை’க்கும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. நிறைமதி இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறாள். நிம்மதிக்கும் குற்ற உணர்ச்சிக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் அசைகிறது.

நொய்யல் வந்து சேரும் இடத்துக்கு முன்னால் எட்டரை மணிக்குச் சாப்பிட்டார்கள். கோகிலவாணி தூக்குப்போசியைத் திறந்து நாலு பேருக்கும் இட்லி வைத்தாள். தன்னை எண்ணாமல் விட்டிருப்பாளோ என்று எட்டிப் பார்த்த மாதேஸுக்கு முதலில் வைத்தாள். தரணீஷ் ஒரு இடத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை, கல்யாணத்தன்று தாலி கட்டவே முகூர்த்தம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போதுதான் மேடைக்கு வந்தான் என்று சொல்லிச் சிரித்தாள். யுவஸ்ரீயும் சிரித்தாள். அந்த ஒரு நிமிடம் அவர்கள் இருவரும் தாயும் மகளும்போல இருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் படகின் ஓரத்தில் குனிந்து கை கழுவி வாய் கொப்பளித்தார்கள்.

எட்டே முக்காலுக்குத் திரையில் ‘உயிர்’ என்று வந்தது.

நிறைமதி இருமுறை சரிபார்த்தாள். சந்தேகமே இல்லை. குறைவுதான், ஆனால் தரணீஷ்தான், உயிருள்ள அணுதான். நான்கு வருடங்களில் இது அவளுக்குப் பன்னிரண்டாவது. மற்றப் படகுகளில் ஒருவருக்கு எப்போதாவது ஒன்று கிடைக்கும். அலுவலகத்தில் அவளைக் கைராசிக்காரி என்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள், ஆனால் அன்று முழுக்க அந்தச் சொல் உள்ளே இனித்துக்கொண்டிருக்கும்.

“அம்மா,” என்றாள். வேறு ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கோகிலவாணி திரையைப் பார்த்தாள். எழுத்தைப் படித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து நின்று நொய்யல் கரையைக் கண்ணால் துழாவினாள். துவைத்துக்கொண்டிருந்தவர்கள், வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள், ஒரு ஆளைக்கூட விடவில்லை. மாதேஸ் அவள் விழுந்துவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டான்.

யுவஸ்ரீ உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். “இன்னும் எத்தனை வருசங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஏழு,” என்றாள் நிறைமதி. “அதுக்கப்புறம் மறுபடி மனுக் கொடுக்கலாம்.”

“அப்ப எனக்கு முப்பத்தெட்டு.”

அதற்குமேல் பேசியது கோகிலவாணிதான். அழுகை அடங்கியதும் அவளே எல்லாவற்றையும் நிறைமதியிடம் சொன்னாள். திருச்செங்கோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார் ஒருவர். மனைவி இறந்துபோனவர், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. யுவஸ்ரீயைக் கேட்டு வந்தார். நல்ல மனிதர். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். அவருக்கும் ஒரு வாய் சேர்த்துத்தான் கோகிலவாணி சமைப்பாள். இந்த மனுவில் கோகிலவாணியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

“போகட்டும்னுதான் போட்டன். ஆனா போட்ட நாள்ல இருந்து தூக்கமில்ல. இருக்கறவன செத்தான்னு எழுதிக் குடுத்துட்டனோன்னு,” என்றாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். “பாத்தியா கண்ணு, இருக்கறான்.”

“பாத்தனுங்க அத்தை,” என்றாள் யுவஸ்ரீ.

வேலூர்ப் பாலம் தலைக்கு மேலே கடந்துபோனது. வெயில் ஏறியது. பதினோரு மணிக்குத் திரை மறுபடி ‘இல்லை’க்குத் திரும்பியது. அது சரிதான், இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. காலையில் நொய்யல் பக்கம் எங்கோ குளித்திருக்கிறான், அந்தத் தடயம் கரைந்துவிட்டது. நிறைமதி அறிக்கையின் முதல் பகுதியை எழுதத் தொடங்கினாள். யுவஸ்ரீ பிளாஸ்டிக் உறையிலிருந்த காகிதங்களை வெளியே எடுத்து, ஒழுங்காக அடுக்கி, மறுபடி உள்ளே வைத்தாள். அந்த வேலையை மூன்று முறை செய்தாள்.

மோகனூர் தாண்டி ஒரு மணிக்குத் தக்காளிச் சோறு. யுவஸ்ரீ இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. “நீ சாப்புடாம கெடந்தா எனக்கு எறங்குமா?” என்று கோகிலவாணி கடிந்துகொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் கோகிலவாணி எழுந்து படகோரத்தில் குனிந்து வாய் கொப்பளித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த நிறைமதி தற்செயலாகப் பார்த்தாள். துப்பிய தண்ணீரில் மெல்லிய சிவப்பு இழை ஒன்று சுழன்று, படகை விட்டு விலகாமல் கூடவே வந்து, மறைந்தது.

“ஈறுல ரத்தம் வருதாம்மா?”

“சக்கரை வந்ததுல இருந்து அப்படித்தானுங்க. பல்லு வெளக்குனாலே வரும். சாப்புட்டாலும் வரும்.”

ஒன்றேகாலுக்குத் திரையில் ‘உயிர்’ வந்தது. காலையைவிட அதிகம்.

“பையன் பஸ்ஸு புடிச்சு நம்ம கூடவே வர்றாப்ல போல,” என்றான் மாதேஸ். கோகிலவாணி அந்தக் கேலியை அப்படியே நம்பினாள். வாங்கல் கரைப் பக்கம் கழுத்தை நீட்டினாள். நிறைமதி மட்டும் இரண்டு ‘உயிர்’களும் வந்த நேரத்தைத் திரும்பப் பார்த்தாள்.

காலையில் சாப்பிட்டபின். இப்போது சாப்பிட்டபின்.

அப்படி இருக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோகிலவாணியின் ரத்தம் எவ்வளவு கலந்தாலும் இயந்திரம் கழித்துவிடும். அவளைக் கழித்தது போக ஒன்றும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அது வேறொருவர். ஒரு பெண்ணின் ரத்தத்தில் வேறொருவர் எப்படி இருக்க முடியும் என்று கேட்டுக்கொண்டபோதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. பட்டப்படிப்பின் மூன்றாம் வருடப் பாடம். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வரக்கூடும் என்று பேனாவால் அடிக்கோடிட்டுப் படித்த ஒரே ஒரு வரி.

அவள் இயந்திரத்தின் குழாயை ஆற்றிலிருந்து எடுத்தாள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் குடிதண்ணீர் ஊற்றிக் கோகிலவாணியிடம் கொடுத்து, கொப்பளித்து அதிலேயே துப்பச் சொன்னாள். ஏன் என்று கோகிலவாணி கேட்கவில்லை. டாக்டர் சொன்னதைச் செய்வதுபோலச் செய்தாள். நிறைமதி டம்ளருக்குள் குழாயை விட்டாள். அந்தத் தண்ணீர் ஆற்றையே பார்த்திராத தண்ணீர். வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்தது.

இயந்திரம் கோகிலவாணியைக் கழித்தது. பிறகு ‘உயிர்’ என்று சொன்னது.

நிறைமதி குழாயை மறுபடி ஆற்றில் விட்டாள். நெரூர்க் கரையின் தென்னைகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு பழைய பதிவுகளைத் திறந்தாள். இதற்கு முந்தைய பதினொரு ‘உயிர்’களும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் ‘உடன் வந்தவர்’ என்று தானே சேர்த்து எழுதியிருந்த குறிப்பைப் பார்த்தாள். அம்மா. அம்மா. அம்மா. பதினொன்றிலும் அம்மா. மற்ற வாசிப்பாளர்கள் விதிப்படி மனுதாரரை மட்டும் ஏற்றினார்கள். அம்மாக்களைக் கரையிலேயே நிறுத்தினார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள் அவள் ஒருத்திதான். அம்மா வராத அவளுடைய அறுபத்து மூன்று பயணங்களில் ஒன்றில்கூட யாரும் உயிரோடு இல்லை.

மற்றவர்கள் எப்போதாவது கண்டுபிடிக்கும் ஆட்கள் ஓரிரு மாதத்தில் நேரிலேயே கிடைத்துவிடுவார்கள். அவளுடைய பதினொரு பேரில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. ஒளிந்து வாழ்கிறார்கள், வர விருப்பமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதைத்தான் குடும்பங்களிடம் சொன்னாள். உயிரோட இருக்கார், வருவார். பள்ளிபாளையத்துக் குடும்பம் ஒன்று அவள் சொன்னதைக் கேட்டு வீட்டைக் காலிசெய்துகொண்டு ஆற்றங்கரைக்கே குடிவந்துவிட்டது. மகன் குளிக்க வரும்போது பார்த்துவிடலாம் என்று. மூன்று வருடங்களாக அங்கே இருக்கிறார்கள்.

“என்னங்க மேடம், மொகமே செத்துப்போச்சு?” என்றான் மாதேஸ். “படகை ஓரங்கட்டட்டுங்களா?”

அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம். இரண்டு ‘உயிர்’ வந்திருக்கிறது, அறிக்கையை முடித்துவிடலாம். அந்த அம்மா சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். ஆனால் யுவஸ்ரீ உறையைத் திறந்து நான்காம் முறையாகக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அமராவதி வந்து சேரும் திருமுக்கூடலில் தண்ணீர் அகன்று மெதுவானது. மணி நாலரை. நிறைமதி இருவருக்கும் எதிரே பலகையில் போய் உட்கார்ந்தாள். கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்ப்பதுபோலத் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“அம்மா, புள்ள வயித்துல இருக்கும்போது நம்ம சத்து அதுக்குப் போற மாதிரி, அதோட அணுவும் கொஞ்சம் நம்ம ரத்தத்துக்கு வந்துடும். பொறந்தப்புறமும் அது போறதில்ல. நம்ம உடம்புலயே தங்கிடும். வருசக்கணக்கா. நம்ம சாகற வரைக்கும்கூட.”

கோகிலவாணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்க வாய் கொப்பளிச்சப்ப ரத்தம் வந்துது. மெஷின் உங்கள மட்டும் கழிச்சுது. உங்களுக்குள்ள இருந்தவரைக் கழிக்கல. நமக்குக் கெடைச்சது அதுதான். படகு தண்ணியோடவே போறதால அது நம்ம கூடவே வந்துச்சு. ஆத்துல வேற எங்கயும் அவர் இல்ல.”

யுவஸ்ரீதான் முதலில் புரிந்துகொண்டாள். அவள் மாமியாரைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பினாள், பார்க்கக்கூடாததைப் பார்த்ததுபோல.

கோகிலவாணி புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டாள். புரிந்தபோது அவள் அழவில்லை. கோபப்பட்டாள்.

“மெசினு இருக்கான்னு சொல்லுதில்ல? அவன் எங்க இருக்கோணும்னு சட்டத்துல எழுதியிருக்குதா?”

நிறைமதி யோசித்தாள். “இல்லைங்கம்மா. எழுதல.”

“அப்பறம்?”

“வந்த வாசிப்ப ரத்து பண்ணணும்னா குடும்பத்துல இருந்து படகுல ஏறினவங்க எல்லாரும் கைரேகை வைக்கணும். நீங்க வைக்கலைன்னா ‘உயிர்’னே இருக்கும். நான் மாத்த முடியாது.”

சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி வரவில்லை. அம்மாவை ஏற்றியவளும் இப்போது அவள் கையில் இதைக் கொடுத்தவளும் தானேதான் என்று தோன்றியது.

கோகிலவாணி மருமகளிடம் திரும்பினாள். “நீ என்ன சொல்ற?”

“உங்க இஷ்டமுங்க அத்தை. நான் ஒண்ணும் சொல்லமாட்டன்.” யுவஸ்ரீ ஒயர்கூடைக்குள் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒன்றைப் பிதுக்கி மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள். “நாலு மணிக்குப் போட வேண்டியது. மறந்துட்டீங்க.”

கோகிலவாணி மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஒரு மணி நேரம் படகு தண்ணீரோடு போனது. கால் மணிக்கு ஒருமுறை இயந்திரம் தண்ணீரை உறிஞ்சியது. மதியத்து ‘உயிர்’ எப்போதோ கரைந்திருந்தது, திரையில் ‘இல்லை’ என்றே வந்தது. கோகிலவாணி பிடிவாதமாக இருந்துவிட்டால் தவறில்லை என்று நிறைமதிக்குத் தோன்றியது. யுவஸ்ரீ போய்விட்டால் அந்த வீட்டில் இரண்டாவது தட்டு வைக்க ஆளில்லை.

மாயனூர்க் கதவணை தூரத்தில் தெரிந்தபோது கோகிலவாணி, “எனக்கு அதக் காட்டுங்க,” என்றாள்.

நிறைமதி டம்ளர்த் தண்ணீரின் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். கோகிலவாணியின் அணுக்களையெல்லாம் நீக்கியபின் அதில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. வெளிர் நீலத்தில், சரியாக வட்டமாகக்கூட இல்லாமல்.

“இதுதானா?”

“ஆமாம்மா.”

கோகிலவாணி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“இது எத்தனை வயசுல உள்ளவன்?”

அந்தக் கேள்வியை நிறைமதி எதிர்பார்க்கவில்லை. “அவர் பொறக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்தது. அப்ப இருந்து உங்களுக்குள்ளயே இருக்கு.”

“பொறந்தப்பறம் நடந்ததெல்லாம் இவனுக்குத் தெரியாதா?”

“தெரியாதும்மா.”

“பள்ளிக்கூடத்துல கை ஒடிஞ்சுதே. அது?”

“தெரியாது.”

“பட்டறை?”

நிறைமதி இல்லையென்று தலையசைத்தாள்.

“கல்யாணம்?”

“இல்லம்மா. எதுவும் தெரியாது.”

கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். துடைத்து முடிக்க நெடுநேரமாயிற்று.

“அப்ப இவன் இவளுக்குப் புருசன் இல்ல,” என்றாள். “இவன் எனக்கு மட்டும் ஆனவன். இவளக் கட்டுனவன் ஆத்துல இல்லீங்க கண்ணு. இல்லைன்னே எழுதுங்க.”

அவள் திரையில் பெருவிரலை வைத்தாள். ஈரமாக இருந்ததால் முதல் முறை ஏற்கவில்லை. தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தி வைத்தாள். பிறகு யுவஸ்ரீ வைத்தாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோகிலவாணியால் தாங்கியிருக்க முடியாது என்று நிறைமதி நினைத்தாள்.

கதவணைக்கு முன்னால் படகைக் கட்டியபோது சூரியன் இறங்கியிருந்தது. கரூர் பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் படியேறினார்கள். யுவஸ்ரீ காலித் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டாள். பாதி ஏறியதும் கோகிலவாணிக்கு மூச்சு வாங்கியது. யுவஸ்ரீ இரண்டு படி இறங்கி வந்து கூடையையும் வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். என்ன பேசினார்கள் என்று கீழே கேட்கவில்லை. பிறகு ஏறிப் போனார்கள்.

மாதேஸ் டீ வாங்கப் போனான். நிறைமதி அறிக்கையின் குறிப்புக் கட்டத்தில் எழுதத் தொடங்கினாள். வழக்கமாக நாலு வரி எழுதுவாள். இன்று இரண்டு பக்கம் வந்தது. எப்படித் தவறு நடந்தது, எந்தெந்தப் பயணங்களில் நடந்திருக்கும், யார் விதியை மீறி ஏற்றியது என்று எல்லாவற்றையும் எழுதினாள். பதினொரு பெயர்களையும் இணைத்தாள். அடியில் ஒரு கேள்வி இருந்தது. சம்பந்தப்பட்ட குடும்பங்களுக்குத் தெரிவிப்பவர் யார்? பக்கத்தில் ‘தலைமை அலுவலகம்’ என்று தானாகவே நிரம்பியிருந்தது. தலைமை அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பும், மூன்று மாதம் கழித்து, எண் போட்டு. அவள் அதை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். அனுப்பினாள்.

அதன் பிறகு தள்ளிப்போட ஒன்றும் இல்லை. பட்டியலில் முதல் பெயரின் எண்ணை அழுத்தினாள். பள்ளிபாளையத்திலிருந்து ஆற்றங்கரைக்குக் குடிவந்த குடும்பம். என்ன சொல்ல வேண்டும் என்பதை மனத்துக்குள் மூன்று வாக்கியமாக ஆக்கி வைத்திருந்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“அம்மா, நான் நிறைமதி பேசறேன். வாசிப்புப் படகு.”

மறுமுனையில் இருந்த பெண் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வீட்டுக்குள் குரல் கொடுத்தாள். படகுப் புள்ள பேசுதுங்க, அவனப் பத்தித்தான் இருக்கும், அந்த டிவிய நிறுத்துங்க என்று. ஒரு நாற்காலி இழுபட்டது. யாரோ செருப்பில்லாமல் ஓடி வந்தார்கள்.

“சொல்லு கண்ணு,” என்றது குரல். “எல்லாரும் இங்கதான் இருக்கறோம்.”